ராமாயி சொன்னது

பிள்ளைகளே,

போன மாதம் மெல்பேர்ணின் டண்டினொங்கில் நடந்த உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னை அழைத்தீர்கள். இளைப்பாறிய ஒரு உரைபெயர்ப்பாளரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டீர்கள். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "அன்ரி, நீங்கள் எப்பவாவது பெரிய மிஸ்டேக் ஏதும் விட்டிருக்கிறீங்களா?" என்று கேட்டாள். இடது காலுக்குப் பதில் வலது கால் என்று சொல்லி ஒருவருக்கு எக்ஸ்ரே எடுக்க வைத்த கதையைச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளை கேட்டது பெரிய பிழையை. நான் சொன்னது சின்னதை. பெரியதை இதுவரை என் பிள்ளைகளுக்குக்கூடச் சொன்னதில்லை. நீங்கள் இதே வேலைக்கு வந்திருப்பதால் சொல்கிறேன்.

நான் மெல்பேர்ணுக்கு வந்தது எழுபத்து மூன்றில். கணவருக்கு இங்கே பொறியியலாளர் வேலை. அதற்கு முன் இலங்கை மலைநாட்டில், ஹற்றனுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான்கு வருடம் படிப்பித்தேன். யாழ்ப்பாணத்துக்காரியான என் காதில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஏறியது அங்கேதான். இங்கே அந்த நாட்களில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். நான் சேர்ந்த உரைபெயர்ப்பு அலுவலகத்துக்குத் தமிழுக்கென்று மாதத்தில் இரண்டு அழைப்பு வந்தால் பெரிய விஷயம். மற்ற நாட்களில் அதே அலுவலகத்தில் கோப்பு அடுக்குவேன்.

எனக்கு வேலை பழக்கியவர் பால்டிக் கடலோரத்து ஒரு சின்ன நாட்டிலிருந்து அகதியாக வந்த பெண். பெயரை எழுதமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. ஒருநாள் ஆஸ்பத்திரியில் கை நசுங்கிய ஒரு தமிழ்க் கப்பல்காரருக்காக நான் பேசிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் நின்றார். கப்பல்காரர் நோவில் டொக்டரையும் டொக்டரின் பரம்பரையையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார். நான் டொக்டரிடம், "அவருக்கு நோகிறது" என்றேன். வெளியே வந்ததும் அந்தப் பெண் என்னை நிறுத்தினார்.

"அந்த மனிதர் ஒரு நிமிடம் பேசினார். நீ இரண்டு சொல்லில் முடித்துவிட்டாய். மிச்சம் எங்கே?"

"கெட்ட வார்த்தை. வெட்கமாக இருந்தது."

"அது அவருடைய பொருள். உன்னுடையதல்ல. உரியவரிடம் கொடுக்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போக உனக்கு உரிமை இல்லை."

நான் தலையாட்டினேன். பாடம் விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருடம் குளிர்காலத்தில், இங்கே அது ஆனி ஆடி மாதம், இலங்கையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அங்கே அப்போது அரிசிக்கும் மாவுக்கும் பெரிய தட்டுப்பாடு. எல்லோருக்கும் கஷ்டம்தான். ஆனால் தோட்டத் தொழிலாளருக்கு வயல் இல்லை, கொல்லை இல்லை, போக வேறு இடமும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வேலை, பங்கீட்டு மாவும் பாதியாகக் குறைந்துவிட்டது. லயங்களில், அதுதான் அந்த ஒற்றை அறை வரிசை வீடுகளில், பிள்ளைகள் சாகத் தொடங்கியிருந்தார்கள். மெல்பேர்ணில் தேயிலை பொதி செய்யும் தொழிற்சாலைகளின் தொழிற்சங்கம் ஒன்று இதைக் கேள்விப்பட்டு, தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் தலைவரையும் செயலாளரையும், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணையும் அழைத்திருந்தது. அந்தப் பெண்தான் ராமாயி.

தலைவரை எனக்கு முன்பே தெரியும். ஹற்றன் சந்தியில் லொறி ஒன்றின் மேல் நின்று அவர் பேசியதை மழையில் நனைந்தபடி மூன்று மணித்தியாலம் கேட்டிருக்கிறேன். செயலாளர் அவருடைய நிழல். இரண்டு பேரும் ஒரே வழக்கில் சிறை போய், ஒரே போர்வையில் படுத்தவர்கள் என்று சனங்கள் சொல்வார்கள். உண்மையாகவே பெரிய மனிதர்கள் அவர்கள். நான் அவர்களைக் குறைத்துச் சொல்ல எழுதவில்லை. பெரியவர்களாக இருந்ததால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

விமான நிலையத்திலேயே தெரிந்துவிட்டது. நாங்கள் ஐந்தாறு குடும்பம் சேர்ந்து கார்னேசன் பூவில் ஒரே ஒரு மாலை கட்டிக்கொண்டு போயிருந்தோம். அதைத் தலைவரின் கழுத்தில் போட்டதும் செயலாளரின் முகம் சுருங்கிப்போயிற்று. நிலைமையைக் கண்ட என் கணவர் தன் கழுத்திலிருந்த கம்பளி மஃப்ளரை உருவி, பொன்னாடை என்று சொல்லி அவருக்குப் போர்த்திவிட்டார். செயலாளர் நான்கு நாளும் அதைக் கழற்றவில்லை. இவர்களுக்குப் பின்னால், மெல்லிய நூல் சேலையில், குளிரில் நடுங்கிக்கொண்டு ராமாயி நின்றாள். அவளுக்கு மாலையும் இல்லை, போர்வையும் இல்லை. என் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.

ஒரு வருடமாக இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தலைவர் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார், ஒரு நியமனப் பதவிக்குக் காத்திருக்கிறார் என்பது செயலாளரின் குற்றச்சாட்டு. செயலாளர் சங்கத்தை உடைத்துத் தனியாகப் போகப் பார்க்கிறார் என்பது தலைவரின் குற்றச்சாட்டு. இரண்டும் உண்மை. காரில் போகும்போது ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார்கள். தமிழிலிருந்து தமிழுக்கு உரைபெயர்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாம் நாள் டண்டினொங்கில் அப்படி ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனோம். கூட்டி வந்தவர் அவர்களை அழைத்த மெல்பேர்ண் சங்கத்தின் பொறுப்பாளர் றொன், தானும் பதினைந்து வருடம் தேயிலை பொதி செய்த மனிதர். களஞ்சியத்தில் பலகைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. தலைவர்கள் இருவரும் யார் முன்னால் நடப்பது என்பதில் கவனமாயிருந்தபோது ராமாயி ஒரு பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பெட்டியில் குத்தியிருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது எங்க தோட்டத்துப் பெட்டிங்க, டீச்சரம்மா. இந்த அடையாளம் எங்க ஸ்டோர் கதவுலயும் இருக்கு."

நான் ஹற்றனில் படிப்பித்ததைச் சொன்ன நேரத்திலிருந்து அவளுக்கு நான் டீச்சரம்மா. அவள் சொன்னதை உடனே சொன்னேன். பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடினார்கள். ஒருத்தி, "இதைப் பறிக்கும்போது என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டாள்.

"காலையில தேயிலச் சாயத் தண்ணி. இருந்தா ஒரு ரொட்டி. இப்ப ரொட்டிக்கு மா இல்ல. புள்ளைக்குக் குடுத்துட்டு நாங்க தண்ணியக் குடிச்சிட்டு மலைக்குப் போயிருவோம்."

அன்றைக்கு நான் நல்ல உரைபெயர்ப்பாளர். அவளுடைய 'நாங்க' என் வாயில் 'அவர்கள்' ஆகாமல் 'நாங்கள்' ஆகத்தான் வந்தது. ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. றொன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். போகும்போது சொன்னார்: "நாளைக் காலை கூட்டத்தில் இதை முடிப்போம். இந்தத் தோட்டத்துப் பெட்டிகளை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். தோட்டத்து நிறுவனம் முழு வேலையும் முழு மாவும் கொடுக்கும்வரை அப்படியே கிடக்கட்டும். முன்பும் இப்படிச் செய்து வென்றிருக்கிறோம்."

மறுநாள் கூட்டம் சங்க அலுவலகத்தில். றொன்னோடு குழுவினர் ஏழு பேர். கதிரையில் இருப்பதிலேயே இழுபறி தொடங்கியது. ராமாயி தன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருவருக்கும் விருப்பம். தொழிலாளி யாருடைய ஆள் என்று படத்தில் தெரிய வேண்டுமல்லவா? கடைசியில் அவளை நடுவில் இருத்திப் படம் எடுத்தார்கள்.

றொன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். "எங்களுக்கு ஒன்றே ஒன்று வேண்டும். கேட்பது நீங்களாக இருக்க வேண்டும். உங்கள் தலைக்கு மேலால் நாங்கள் எதுவும் செய்யமாட்டோம். இந்தப் பெட்டிகளைத் தொடாதீர்கள் என்று எழுத்தில் ஒரு கோரிக்கை, கீழே கையெழுத்து. திங்கட்கிழமை தொடங்கிவிடுவோம்."

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை.

"கடுதாசியில எம் பேரு மட்டுந்தான் இருக்கணும்," என்றார் தலைவர். "சங்கத்துக்குத் தலைவரு ஒருத்தர்தான்."

"இவரு பேரு மட்டும் இருந்தா, கொழும்புல மந்திரி ஒரு வார்த்த சொன்னதும் வாபஸ் வாங்கிடுவாரு," என்று செயலாளர் என்னிடம் சொன்னார். "அத அவங்களுக்குச் சொல்லுங்க டீச்சர்."

தலைவர் ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்தடவையாக நேரே அவர் பக்கம் திரும்பினார். "நான் வளத்த ஆளுடா நீ! புதுச் சங்கத்துக்குப் பேரு தேடிக்கிட்டிருக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"என்னய வளத்தது நீங்க இல்ல. தோட்டத்து சனங்க."

குரல்கள் உயர்ந்தன. மேசையில் கை விழுந்தது. றொன் என்னைப் பார்த்தார். "என்ன பிரச்சினை?"

பிள்ளைகளே, அந்த இடத்தில் என்னை நிறுத்திப் பாருங்கள். எனக்கு முப்பத்தொரு வயது. என் நாட்டில் நான் மதித்த இரண்டு பேர், ஏழு வெள்ளைக்காரருக்கு முன்னால், பசியோடு கிடக்கிற சனத்தை மறந்து தங்கள் பேருக்காக அடிபடுகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இதை நான் ஆங்கிலத்தில் சொன்னால் இவர்கள் எங்களை என்னவென்று நினைப்பார்கள்? வாயில் தானாக வந்தது:

"ஒன்றுமில்லை. விபரங்களைப் பேசுகிறார்கள். இரண்டு பேருக்கும் சம்மதம்தான். எங்கள் ஆட்கள் அன்பாகப் பேசினாலும் சண்டை பிடிப்பது போலத்தான் கேட்கும்."

குழுவினர் சிரித்தார்கள். இத்தாலியர் ஒருவர், "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்றார். நானும் சிரித்தேன். கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட.

அப்போது ராமாயி எழும்பினாள். என் கோட்டின் கைகள் அவளுக்கு நீளம். அதை மடித்துவிட்டுக்கொண்டு, றொன்னைப் பார்த்து நேரே பேசினாள்.

"ஐயா, இவங்க ரெண்டு பேரும் அங்கயும் இப்படித்தான். இவங்க ஒன்னா கையெழுத்துப் போடமாட்டாங்க. அதுக்காகக் காத்திருக்காதீங்க. நான் கெளம்புறதுக்குள்ள எங்க லயத்துல மூணு புள்ளைங்களப் பொதச்சாச்சு. எம் மகளுக்கு நாலு வயசு. தங்கச்சிகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். எம் பேர எழுதிக்குங்க, நான் கைநாட்டு வைக்கிறேன். அந்தப் பெட்டியத் தொடாதீங்க ஐயா."

முதலில் தலைவர் குனிந்து என்னிடம் சொன்னார்: "அதெல்லாம் சொல்லாதீங்க டீச்சர். நம்ம மானம் போயிரும்."

செயலாளரும் தலையாட்டினார். "ஆமாங்க, அதச் சொல்ல வேணாம்."

அந்த நான்கு நாளில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

றொன் காத்திருந்தார். ராமாயி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "எங்களை அழைத்ததற்கு மிகவும் நன்றி என்கிறார். தோட்டத்துப் பெண்கள் உங்களை மறக்கமாட்டார்களாம். தலைவர்கள் இருவரும் ஊருக்குப் போய்ச் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி அனுப்புவார்கள்."

குழுவினர் எழும்பிக் கைதட்டினார்கள். றொன்னின் கண் கலங்கியிருந்தது. ராமாயி எல்லோரையும் கும்பிட்டாள்.

அவர்கள் திரும்பிப் போன நாள் விமான நிலையத்தில் அவள் கோட்டைக் கழற்றி மடித்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நான் சொன்னத அப்படியே சொல்லிட்டீங்கல்ல, டீச்சரம்மா?"

"ஓம் ராமாயி. சொன்னனான்."

வீட்டுக்கு வரும் வழியில் கணவர், "என்னப்பா, முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டார். தலையிடி என்றேன்.

ஐந்து வாரம் கழித்து றொன்னுக்கு இரண்டு கடிதம் வந்தது. தலைவரின் கடிதத்தில், செயலாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டார், அவர் எழுதுவது எதுவும் செல்லாது என்றிருந்தது. செயலாளரின் கடிதத்தில், தொழிலாளரின் உண்மையான சங்கம் இப்போது தன்னுடையதே, தலைவர் விலைபோனவர் என்றிருந்தது. பெட்டிகளைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி இல்லை. றொன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"இரண்டு பேருக்கும் சம்மதம் என்று நீ சொன்னாயே?"

நான் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "அன்றைக்கு அந்தப் பெண் எழும்பி நின்று பேசினாளே, அதுவாவது நீ சொன்னதுதானா?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். ஐந்து வாரம் பிந்தி, ஒவ்வொரு சொல்லாக, அவளுடைய 'நான்' என் 'நான்' ஆக.

"கைநாட்டுப் போதுமாயிருந்ததே," என்றார் றொன். "நாங்கள் கேட்டது அதைத்தானே. அந்தப் பெட்டிகள் எல்லாம் திறந்து, பொதி செய்து, கடைக்குப் போய்விட்டன. அடுத்த கப்பலை நிறுவனம் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டது."

அன்றே எனக்கு வேலை பழக்கிய அந்தப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். என்னை வேலையிலிருந்து நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன், நிறுத்தினால் நல்லது என்றும் இருந்தது. அவர் தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு இருந்தார்.

"உன் நாட்டின் மானத்தைக் காப்பாற்றச் சொல்லியா உன்னை அங்கே கூப்பிட்டார்கள்?"

நான் அழுதேன்.

"சின்ன நாட்டுக்காரருக்கு இந்த வியாதி இருக்கிறது," என்றார். "பெரிய நாட்டுக்காரன் தன் தலைவனைத் தெருவில் நின்று திட்டுவான், அவனுக்கு ஒன்றும் குறையாது. நாங்கள் அப்படியில்லை. உலகத்துக்கு எங்களை நாலு பேர் மூலம்தான் தெரியும், அந்த நாலு பேரும் நல்லவராகத் தெரிய வேண்டும் என்று மூடி மூடி வைப்போம். என் நாட்டிலும் அப்படித்தான் மூடி வைத்தோம். கடைசியில் நாடே போயிற்று, மூட ஒன்றுமே மிஞ்சவில்லை."

அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்கு வரச்சொன்னார்.

பிறகு ஊரிலிருந்து யாரோ இரண்டு பத்திரிகைத் துண்டு அனுப்பினார்கள். இரண்டு சங்கமும் தனித்தனியாகப் பத்திரிகை நடத்தத் தொடங்கியிருந்தன. இரண்டிலும் எங்கள் மெல்பேர்ண் படம். ஒன்றில் செயலாளரை வெட்டியிருந்தார்கள், மற்றதில் தலைவரை. அவுஸ்திரேலியப் பயணம் மாபெரும் வெற்றி என்று இரண்டிலும் தலைப்பு. ராமாயி மட்டும் இரண்டு படத்திலும் இருந்தாள், என் கோட்டோடு.

அவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. நாடு சின்னது, சனம் கொஞ்சம், அதற்குள் எத்தனை கட்சி, கட்சிக்குள் எத்தனை பிரிவு! சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டிலும் இங்கே டண்டினொங்கிலும் நாங்கள் தொடங்கிய சங்கங்களைப் பாருங்கள், அங்கேயும் அதே கதைதான். ஆனால் அவர்கள் சண்டை பிடித்தார்கள் என்பதற்காக மட்டும் அந்தப் பெட்டிகள் போகவில்லை. அந்த அறையில் ஒரு பெண் எழும்பி நின்று வழி சொன்னாள். தலைவர்களைத் தாண்டி அவளுடைய சொல் போயிருக்கும். வழி மறித்தது நான்.

நீங்களும் இனி இப்படிப்பட்ட அறைகளில் இருப்பீர்கள். உங்களுடைய ஆட்கள், உங்களுக்குத் தெரிந்த முகங்கள், வெளியாருக்கு முன்னால் கேவலமாக நடந்துகொள்வார்கள். உங்களுக்குக் கூசும். கூசட்டும். கூசிக்கொண்டே, அவர்கள் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். எங்கள் ஆட்களைப் பற்றி யாரும் குறைவாக நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு அதே அறையில் ஒரு ராமாயி நிற்பாள். அவளுக்கு உங்களை விட்டால் வேறு வாய் இல்லை.

கடைசியாக ஒன்று. அவர்கள் வந்துபோனதற்கு அடுத்த வருடம் தை மாதம் என் அலுவலக விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ராமாயி சொல்லச் சொல்ல எழுதியது. டீச்சரம்மா சுகமா, ஐயா சுகமா என்று விசாரித்திருந்தாள். அந்தக் கோட்டு குளிருக்கு நல்லது, தங்கச்சியும் தானும் மாறி மாறிப் போட்டுக்கொள்கிறோம் என்றிருந்தது. மகள் புரட்டாசி மாதம் தவறிவிட்டாள் என்று ஒரு வரி. கடிதத்தின் அடியில் அவளுடைய கைநாட்டு. கைநாட்டுக்கு மேலே கடைசியாக இப்படி எழுதியிருந்தது:

"நான் சொன்னதக் கேட்டு அந்த ஐயாமாருங்க எல்லாம் எழுந்து கை தட்டுனாங்களே, டீச்சரம்மா. அப்புறம் ஏன் ஒன்னும் செய்யல? நான் சொன்னதுல எதுவும் தப்பா?"

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை.